‘ஒத்து’ என்றால் அமுக்கு

திங்கட்கிழமை ஷோயபுக்கு மெடிக்கல் டெஸ்ட். தேறினால் பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸ். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்கு இனி வர வேண்டாம்.

“கேன்டீன்ல வெள்ளிக்கிழம சிக்கனாம்டா,” என்றான்.

“உள்ள போனதும் என்னைய மறந்துருவ,” என்றான் முத்துக்குமார்.

“உன்ன மறந்துட்டா எலும்ப யாருக்குடா போடறது?”

ஷோயபுக்குப் பதினேழு, முத்துக்குமாருக்குப் பதினாறு. பிரஸ் மெஷினில் ஒரே ஆள்தான் நிற்க வேண்டும். அவசர ஆர்டர் என்பதால் இருவரை நிறுத்தியிருந்தார்கள். ஷோயப் தகட்டை வைப்பான், முத்துக்குமார் பட்டனை அமுக்குவான். விருதுநகரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத அவனுக்கு வேலை பழக்கியவர் கன்னடக்காரர் சிவராஜ். அவர் ‘ஒத்து’ என்றால் அமுக்க வேண்டும்.

தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. ஷோயப் கையை உள்ளே விட்டான். தூரத்திலிருந்து அதைப் பார்த்த சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் பதறிக் கத்தினார்.

“ஒத்து! ஒத்து!”

முத்துக்குமார் அமுக்கினான்.

ஆட்டோவில் போகும்போது, துணி சுற்றிய கையை மார்போடு பிடித்தபடி ஷோயப் கேட்டான்.

“ஏன்டா அமுக்குன?”

“அவருதானடா ஒத்துன்னு கத்துனாரு!”

ஷோயப் கண்ணை மூடிக்கொண்டான். “அவரு தெலுங்குடா. அதுல வேணாம்னு அர்த்தம்.”

முன்சீட்டிலிருந்து சென்னகிருஷ்ணன் திரும்பினார். “பட்டன அமுக்கனது நீ. போலீஸ் வந்தா உன்னத்தான் இழுக்கும். நான் என்ன சொல்றனோ அதையே சொல்லு.”

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ரோஜாப் பூ பேக்கிங் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் ஷோயபின் அம்மா ஷரீஃபுன்னிசா.

“போன பாத்துக்கிட்டே கைய விட்டுட்டாம்மா,” என்றார் சென்னகிருஷ்ணன்.

அவள் முத்துக்குமாரிடம் வந்தாள். “நீதான தம்பி கூட இருந்த? நெசமாவா?”

கட்டிலிலிருந்து ஷோயப் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாம்மா,” என்றான் முத்துக்குமார். “போன்தான் பாத்தான்.”

ஷரீஃபுன்னிசா மகனின் தோளில் ஓங்கி அடித்தாள். “பாவி! திங்கக்கெழம வரைக்கும் அந்தப் போன தொடாம இருக்க முடியலயாடா?”

ஷோயப் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.