சொல்லிவிட்டு மூடுகிறவர்

"அடைப்பு நெஞ்சுல இருக்கு. கையை எதுக்கு நெரிக்கிறீங்க?"

"பேசாம கையைக் குடுங்க. சிஸ்டர் எவ்ளோ நேரம் நிப்பாங்க?"

"நான் சிஸ்டரைத்தான் கேட்டேன், உன்கிட்ட இல்ல..."

"என்கிட்டதான் எதையும் கேக்க மாட்டீங்களே! சொல்லவும் மாட்டீங்க! மூணு வாரமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு..."

"பிடிக்கல. தடவிக்கிட்டேன்."

இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, நர்ஸ் அவருடைய இடது மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

கட்டிலில் கிடந்தவர் குடிநீர் வால்வுக்காரர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது முப்பது வருஷமாக அவர் தோளில் சுமந்த இரும்புச் சாவியில் இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவர் மனைவி, தையல்காரம்மா. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவருடைய இதயக் குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விலக்கப்போகிறார்கள்.

"பலூன் விரியுறப்போ கொஞ்ச நேரம் இதயத் தசைக்கு ரத்தம் போகாதுங்க ஐயா" என்றாள் நர்ஸ். "அதுக்கு முன்னாடி கைக்கு அஞ்சு நிமிஷம் ரத்தத்தை நிறுத்துவோம், அஞ்சு நிமிஷம் விடுவோம். இப்படி மூணு தடவை. கை கொஞ்சம் பட்டினி கிடந்தா இதயமும் உஷாராகித் தாக்குப்பிடிக்கும்னு ஒரு யோசனை. கண்டிப்பா பலிக்கும்னு சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அதுக்குத்தான் கையெழுத்து வாங்கினோம்."

வால்வுக்காரர் முகம் மாறியது. "அட, இது நம்ம வேலைதானே! பெரிய குழாய் மாத்துறதுக்கு முன்னாடி நானும் கொஞ்ச நேரம் மூடித் திறப்பேன். ஜனங்க முழிச்சுக்கிட்டு அண்டா குண்டா எல்லாத்தையும் ரொப்பி வச்சிடும்."

"தெருவுல சொல்லிட்டுத்தானே மூடுவீங்க?" என்றாள் தையல்காரம்மா.

"பின்னே? சொல்லாம மூடினா கல்லைத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல? நான் கல்லைத் தூக்க மாட்டேன்னுதானே?"

பட்டை புஸ்ஸென்று உப்பி இறுகியது.

முதல் ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்தே கழித்தார். இரண்டாம் முறை இறுக்கியபோது விரல்கள் வெளிறின.

"வலிக்குதா ஐயா?"

"ஒண்ணுமில்ல."

"பொய்" என்றாள் தையல்காரம்மா. "காலைப் பாருங்க சிஸ்டர். பெருவிரல் மேல பெருவிரல் ஏறிச்சுன்னா வலின்னு அர்த்தம். பல்லு பிடுங்கினப்பவும் இப்படித்தான். அவங்க அம்மா போனப்பவும் இப்படித்தான்."

ஏறியிருந்த விரல் சட்டென்று இறங்கியது. நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு, "உள்ள போனதும் டாக்டர் கேப்பார் ஐயா. மிஷின் காட்டும், இல்லைங்கல. ஆனா நீங்க சொல்றதையும் வச்சுத்தான் பலூனை எவ்ளோ நேரம் விரிச்சு வைக்கலாம்னு பார்ப்பார். அங்க வந்து வீரம் காட்டாதீங்க" என்றாள்.

"உள்ள கால் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியாதும்மா. கழுத்துலேருந்து கால் வரைக்கும் துணி போர்த்திடுவோம்."

தையல்காரம்மா அந்தப் பெருவிரல்களைப் பார்த்தாள். அப்படியென்றால் இந்த மனுஷனின் வலியைப் படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

"நீங்க உக்காருங்கம்மா. லிஃப்டும் ஓடல, மூணு மாடி ஏறி வந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க."

"எனக்கென்ன, ஒண்ணுமில்ல." நர்ஸ் இழுத்துப் போட்ட ஸ்டூலை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை பட்டை உப்புவதற்குள், கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து அவர் பாதங்களை மூடினாள்.

"இப்ப எனக்கும் தெரியாது. வாயால சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. அவர் உதட்டைக் கடித்தார், விட்டார். போர்வைக்குள் ஏதோ அசைந்தது. அவள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலிக்குது" என்றார் வால்வுக்காரர்.

"எங்க?"

"கையிலதான். மரத்துப் போய், முள்ளு முள்ளா குத்துது." கொஞ்சம் பொறுத்து, "பயமாவும் இருக்கு" என்றார்.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அந்த இரண்டு சொற்களும் வந்ததில்லை. காலையிலிருந்து மல்லுக்கட்டிக் கேட்டவள், கேட்டது கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். போர்வைக்கு மேலாக அவர் பாதத்தைப் பற்றிக்கொண்டாள். பட்டையில் காற்று இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

தள்ளுகட்டில் வந்தது. நடைபாதை முழுக்க அதன் கம்பியைப் பிடித்தபடியே சாய்ந்து சாய்ந்து நடந்தாள். இரட்டைக் கதவருகே நர்ஸ் நின்றாள். "இதுக்கு மேல நீங்க வரக்கூடாதும்மா."

"டாக்டர் கேட்டா இதே மாதிரி சொல்லணும். ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொன்னீங்கன்னா, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சொல்றேன், சொல்றேன். ஊருக்கே சொல்லி மூடுறவன், எனக்குத் தெரியாதா?"

கதவு திறந்தது. கட்டிலின் முன்சக்கரம் உள்ளே போனது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கிக் காலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். ஏய், காலையிலேருந்து ஒரு காலையே ஊனி நிக்கிறியே, முட்டி வலிக்குதா?"