இடிக்கும் இரண்டு கட்டைகள்

சீனாவில், எங்கள் ஜினான் நகரத்தில், குழந்தை பியானோ கற்றால் அம்மாவும் கற்க வேண்டும். வகுப்பில் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் போனில் வீடியோ பிடித்து, வீட்டில் பிள்ளையை அதன்படி வாட்டி எடுப்பது அவர்கள் வேலை. யீநானின் அம்மா ஷுஃபென் அதில் மகா கெட்டிக்காரி. அவளுடைய சிவப்புப் பேனா டீச்சரான என்னையே திருத்தும்.

எட்டு வயது யீநானுக்கு நான் கொடுத்திருந்தது எங்கள் ஷான்டோங் மாகாணத்துக் கல்யாண ஊர்வலப் பாட்டு. சுவோனா என்கிற எங்கள் கல்யாண நாயனம் குழைவதைப் பியானோவில் கொண்டுவர, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து இடிக்க வேண்டும். போன வாரம் குழந்தை அதை ஆசை ஆசையாக இடித்தாள். இந்த வாரம் வாசித்தாளே, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான். ஒரு உரசல் இல்லை.

"எங்க போச்சு அந்த இடி?" என்றேன்.

யீநான் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் எடுத்துட்டேன், தெங் டீச்சர். கை வழுக்கி ரெண்டு கட்டையில விழுது. வாரம் பூரா உக்கார வெச்சு சரி பண்ணியிருக்கேன்."

"பாட்டே அப்படித்தாம்மா எழுதியிருக்கு!"

"எழுதியிருந்தா மட்டும்? காதுக்கு நாராசமா இருக்கே. இதைத்தான் சொல்லித் தருவீங்கன்னா இன்னையோட நிறுத்திக்கறோம். கணக்கு டியூஷனுக்காவது போவா."

யீநானுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. ஆனால் நான் கத்தினால் போகப்போவது என் செல்ல மாணவி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உங்க கல்யாணத்துக்கு சுவோனா வெச்சாங்களா?"

"வெக்காம? எங்க ஊர்ல சுவோனா ஊதாம பொண்ணு வாசப்படி தாண்ட மாட்டா."

"அப்ப கண்ணை மூடிக்குங்க. யீநான், போன வாரம் வாசிச்ச மாதிரி வாசி. அம்மாவைப் பாக்காத."

முதலில் பயந்து பயந்து தொட்டாள். பிறகு கைக்கு ருசி வந்துவிட்டது. கட்டைகள் முட்டி மோதிக் குழைந்தன. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

ஷுஃபென் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"அன்னிக்கு சுவோனா ஊதின ஆளுக்கு செம போதை, டீச்சர். வாசல்ல நின்னு ஊதறான், ஊதறான், நிறுத்தவே மாட்டேங்கறான். எங்கப்பா காதைப் பொத்திக்கிட்டே அழறாரு."

அவள் கன்னம் நனைந்திருந்தது. யீநான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள்.

"கிளாஸை நிறுத்திடுவியாம்மா?"

"நிறுத்தறதாவது! இவ்வளவு மெதுவா ஊதினா எந்தப் பொண்ணுடி கெளம்புவா? நல்லா இடி!"