மணற்காட்டுக் கேதாரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கேணி உண்டு, கோயில் உண்டு, கடல் உண்டு. மலை கிடையாது. இந்தக் குறை நீர்வேலி கேதார யாத்திரைச் சபையின் தலைவர் பரமலிங்கத்தை மிகவும் வருத்தி வந்தது. இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போக இருப்பவர், அவர்களைப் பழக்கிப் பார்க்க ஒரு மேட்டுக்கு எங்கே போவார்? வாழைத்தோட்டத்து வரம்பில் ஏறி இறங்கிவிட்டா கேதாரநாதர் முன்னால் போய் நிற்பது?

பரமலிங்கம் இளைப்பாறிய தபாலதிபர். அறுபத்திரண்டாம் ஆண்டில் கேதாரம் போய் வந்தவர். நீர்வேலியில் அப்படிப் போய் வந்தவர் அவர் ஒருவரே என்பதால், அங்கே நடந்ததைச் சொல்லும் உரிமையும் அவர் ஒருவருக்கே இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லி வந்தார். வருடத்துக்கு வருடம் பனி ஓரடி உயர்ந்தது. பாதை ஒரு சாண் ஒடுங்கியது.

"ஒன்பது மைல் ஏத்தம்," என்பார். "ஒரு இடத்திலை எண்டாலும் நான் களைச்சு இருந்ததைக் கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

ஒருவரும் சொல்லவில்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு வைகாசியில் சபை புறப்படுவதாக இருந்தது. மாசியில்தான் தலைவருக்கு மணற்காடு நினைவுக்கு வந்தது. வடமராட்சியின் கிழக்குக் கரையில், பனை உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கும் இடம். உடனே அறிவித்தல் எழுதி வாசிகசாலையில் ஒட்டினார்: வழிகாட்டியுடன் கூடிய மூன்று நாள் கூடார நடைப்பயிற்சி. நீர்வேலியிலிருந்து வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் சனங்கள் விடியப்புறம் வெளிக்கிட்டு மத்தியானப் பூசைக்கு நடந்தே போய்ச் சேர்கிறவர்கள். அங்கிருந்து மணற்காடு இன்னும் கொஞ்சத் தூரம். அதற்குத்தான் மூன்று நாள், இரண்டு கூடாரத் தரிப்பு.

விதிகளும் மூன்று. ஒன்று, எல்லோரும் கம்பளித் தொப்பி கொண்டுவர வேண்டும். இரண்டு, வழிகாட்டிக்கு முன்னால் எவரும் நடக்கக்கூடாது. மூன்று, வழியில் "ஏலாது" என்று வாய் திறந்து சொல்பவரின் பெயர் யாத்திரைப் பட்டியலிலிருந்து வெட்டப்படும்.

பட்டியலில் நாலு இடம். தலைவர் ஒருவர். செயலாளர் கனகரத்தினம் இரண்டாமவர். கோட்டு வழக்குப் பார்க்கும் பிரக்கிராசியார் ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவர், தும்மினாலும் நேரம் குறித்து எழுதி வைக்கிறவர். மூன்றாமவர் சுருட்டு வியாபாரி ஏரம்பு. நாலாவது இடத்துக்குத் தலைவர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, வாழைத்தோட்டக்காரி மகாதேவி கூட்டத்துக்கு நேரே வந்து தன் பெயரைச் சொன்னாள்.

"பொம்பிளையளுக்கு மலை சரிவராது, பிள்ளை," என்றார் பரமலிங்கம்.

"கேதாரகௌரி விரதம் பிடிக்கிறது ஆர், ஐயா? நீங்களோ, நாங்களோ? இருபத்தொரு வருசம் காப்புக் கட்டிப்போட்டன். கட்டினவள் ஒருக்கால் அவரைப் பாக்கக் கூடாதோ? எங்கடை மனிசனும் ஓம் எண்டிட்டார். நான் வரும்வரைக்கும் வாழைக்குத் தண்ணி பாய்ச்சுறது தன்ரை பொறுப்பாம்."

"பனியிலை நடக்கிறது உங்கடை வாய்க்கால் வரம்பிலை நடக்கிற மாதிரி இல்லை."

"எழுதுங்கோ தலைவர்," என்றான் ஏரம்பு. "இல்லாட்டி நாலாம் இடத்திலை என்ரை சுருட்டுப் பெட்டியைத்தான் படுக்க வைக்கவேணும்."

தலைவர் யோசித்தார். மூன்று நாள் நடையில் இவள் எப்படியும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாள். அதற்கிடையில் சமைக்கவும் ஓர் ஆள் வேண்டும். பெயர் எழுதப்பட்டது. மகாதேவிக்கு அது விளங்காமல் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை புறப்பாடு. விடியக் குளிராக நடக்கலாம் என்றாள் மகாதேவி. தலைவர் பஞ்சாங்கத்தை விரித்தார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலம். அதற்கு முந்தி அவருடைய நட்சத்திரத்துக்கு நேரம் சரியில்லை. ஆகவே, காகமும் நிழலுக்கு ஒதுங்கும் நேரம் பார்த்து, பத்து முப்பத்தொன்றுக்குச் சபை புறப்பட்டது. தலைவர் முன்னால்: கம்பளித் தொப்பி, சப்பாத்து, கையில் ஊன்றுகோல், தோளில் இருபது பாகம் நீளக் கயிறு. கடைசியில் ஏரம்பு, கூடாரத்துக்கான லொறிப் படங்கைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு.

முதல் தரிப்பு வல்லை வெளி. அங்கே காற்றை மறிக்க மரமுமில்லை, மதிலுமில்லை. தலைவர் இமயமலை முறைப்படி கூடாரத்தின் வாயைக் காற்றுக்கு நேரே வைத்தார். படங்கு ஒருமுறை மூச்சை இழுத்து ஊதிக்கொண்டு உவர்நிலத்தில் கால் மைல் தூரம் ஓடியது. மகாதேவி துரத்திப் பிடித்து வந்து, வாயைத் திருப்பி, நாலு மூலைக்கும் கல்லேற்றினாள். அந்த நேரம் ஆமி ட்ரக் ஒன்று அவர்களருகில் நின்றது. கனகரத்தினத்தின் கை தானாகவே சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டைக்குப் போனது. ட்ரக்கில் இருந்தவன் கூடாரத்தைப் பார்த்தான். கொதிக்கும் வெயிலில் கம்பளித் தொப்பியோடு நின்ற தலைவரைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அந்த வருடம் வல்லை வெளியில் ஆமிக்காரன் சிரித்தது அந்த ஒரு தரமாகத்தான் இருக்கவேண்டும்.

"பாத்தியளோ," என்றார் தலைவர், "உடுப்பிலை ஒரு மரியாதை இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை நெல்லியடி தாண்டி, மந்திகைக்குக் கிட்ட ஒரு வெறும் தரவை நிலத்தில் இரண்டாம் தரிப்பு. அயல்வீட்டுப் பெண் ஒருத்தி வேலிக்கு மேலால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கேத்தில் நிறையத் தேத்தண்ணியும் ஒரு முட்டி தயிருமாக வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கொழும்பிலை இருந்தோ வாறியள்? ஆடிக் கலவரத்திலை வீட்டை எரிச்சுப்போட்டாங்களோ? ஏன் இந்தப் படங்குக்குள்ளை கிடக்கிறியள், எங்கடை விறாந்தை சும்மாதானே கிடக்கு."

"நாங்கள் அகதியள் இல்லை, பிள்ளை," என்றார் பரமலிங்கம், தொப்பியைச் சரிசெய்து. "மலையேறிறனாங்கள்."

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடந்தது.

"எந்த மலை?"

"தலைவருக்குத்தான் தெரியும்," என்றான் ஏரம்பு. "நீ தேத்தண்ணியை ஊத்து, தங்கச்சி."

சைக்கிளையும் படங்கையும் அவளுடைய வீட்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை சிகரத்துக்குப் புறப்படத் தயாரானார்கள். சிகரம் கிழக்கே, நேர் வழியில் இரண்டு மணித்தியால நடை. அப்போதுதான் தலைவர் பஞ்சாங்கத்தைத் திரும்ப விரித்தார். முகம் கறுத்தது.

"திங்கள் கிழக்கே சூலம். இண்டைக்குக் கிழக்கை கால் வைக்கப்படாது."

இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கவேண்டிய சங்கதி. புறப்படும் நேரத்தைப் பார்த்தவர், போய்ச்சேரும் திசையைப் பார்க்க மறந்துவிட்டார்.

"அதுக்கென்ன, ஐயா," என்றாள் மகாதேவி. "கிழக்குச் சூலத்துக்குத் தயிர்தானே பரிகாரம். முட்டியிலை கிடக்கு. ஆளுக்கொரு வாய் குடிச்சிட்டு நேரை போவம்."

"மலையேறேக்கை தயிரோ? நெஞ்சிலை சளி கட்டும். பனியிலை ஆளைக் கொல்லுறது அதுதான்."

காலை எட்டு மணி. பனி அங்கிருந்து ஆயிரத்தைந்நூறு மைல். மகாதேவி தன் பங்குத் தயிரைக் குடித்தாள்.

"தெற்கை இறங்கிப் பிறகு வடக்கை ஏறுவம்," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

கனகரத்தினம் பென்சிலை நிறுத்தினார். "தெற்கும் வடக்கும் மட்டும் நடந்தால், கிழக்கிலை கிடக்கிற இடத்துக்கு எப்பிடிப் போறது?"

"கொஞ்சம் சரிஞ்சு சரிஞ்சு நடக்கவேணும், காணும். சரிஞ்சு நடந்தால் அது கிழக்கில்லை, தென்கிழக்கு."

சரிந்து சரிந்து நடந்தார்கள். மத்தியானமளவில் ஊரும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. தாழம்பற்றை, ஈச்சம்பற்றை, கணுக்காலை விழுங்கும் வெள்ளை மணல். தலைவர் ஊன்றுகோலை நீட்டிக் காட்டிய திசையில் போய், அரை மணித்தியாலத்தில் தங்கள் காலடியையே கண்டார்கள். ஏரம்பு குனிந்து பார்த்தான்.

"எங்களுக்கு முதல் இன்னொரு சபை வந்திட்டுது, தலைவர். அதிலையும் ஒருத்தர் சப்பாத்துப் போட்டிருக்கிறார்."

தண்ணீர் முடிந்துவிட்டது. மலையில் போகப் போக ஊற்று வரும் என்று ஆளுக்கு ஒரு போத்தல்தான் தலைவர் அனுமதித்திருந்தார். ஏரம்பு மணலில் குந்தினான். "எனக்கு ஏ..." என்று தொடங்கினான். கனகரத்தினம் குறிப்புக் கொப்பியைத் திறந்தார். "...ஏவறை வருகுது," என்று ஏப்பம் விட்டு முடித்தான் ஏரம்பு.

மகாதேவிக்கும் நாக்கு ஒட்டியது. உள்ளே பூட்டி வைத்த சொல் பல்லைத் தட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு மணல் திட்டுக்கு நடுவே பச்சை பிடித்திருந்த ஒரு பள்ளத்தில் இறங்கி, அங்கே கிடந்த ஒரு சிரட்டையால் கிண்டத் தொடங்கினாள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. இன்னும் ஒரு சாண். தண்ணீர் மெல்லச் சுரந்து நின்றது. ஒரு மிடறு குடித்து, நாக்கில் உருட்டினாள்.

"நாக்கிலை கொஞ்சம் உவர் தட்டுது. அங்காலை போவம்."

நூறு பாகம் தள்ளி இன்னொரு கிடங்கு தோண்டினாள். இந்தத் தண்ணீர் இளநீர்போல இருந்தது. மூன்று ஆண்களும் மாட்டைப்போலக் குனிந்து குடித்தார்கள்.

"கடலோரத்திலை நல்ல தண்ணியோ!" என்றார் கனகரத்தினம்.

"மழைத் தண்ணியை மணல் மேடுதான் பிடிச்சு வைச்சிருக்கும். மேடு பெருக்கப் பெருக்க உவர் விலகும். முதல் கிடங்கிலை உவர், இதிலை இனிப்பு. அப்ப பெரிய மேடு இந்தப் பக்கம்தான்." அவள் கை காட்டியது பற்றைகளுக்கு அப்பால்.

"நானும் அந்தப் பக்கம்தான் நினைச்சனான்," என்றார் தலைவர். "ஆனால் விதி இரண்டு..."

"நீங்களே முன்னாலை போங்கோ, ஐயா. நான் பின்னாலை நிண்டு எங்கை போறதெண்டு சொல்லுறன்."

அப்படியே நடந்தது. "சோத்துக்கைப் பக்கம், ஐயா," என்பாள் மகாதேவி. "சோத்துக்கைப் பக்கம்!" என்று தலைவர் சபைக்குக் கட்டளையிடுவார். இன்னும் இரண்டு கிடங்கு கிண்டிச் சுவை பார்த்தாள். நாலாவது கிடங்கின் தண்ணீர் கற்கண்டு. நிமிர்ந்தபோது எதிரே வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது மணல்மலை.

தலைவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, செங்குத்தான முகத்தில் நேரே ஏறினார். ஓரடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கியது. சப்பாத்து நிரம்பியது. பத்து நிமிடத்தில் தொடங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றார்.

"ஐயா, நான் முன்னாலை போகட்டோ?" என்று கேட்டாள் மகாதேவி.

தலைவரிடம் மூச்சு இல்லாத காரணத்தால் மறுப்பும் இல்லை. இதைக் கனகரத்தினம் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்.

மகாதேவி செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினாள். மேட்டின் ஓரமாக அடம்பன் கொடி வலைபோலப் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருந்தது. சேற்று வரம்பில் வாழைக்குலையோடு நடந்து பழகிய கால் விரல்கள் கொடியைக் கவ்வின. குறுக்கே பத்தடி, திரும்பக் குறுக்கே பத்தடி. பாதியில் நெஞ்சு அடித்தது, கண் இருண்டது. நிற்கவில்லை. கடைசி நாலு பாகத்தைக் கையாலும் காலாலும் ஏறினாள்.

திடீரென்று ஏற ஒன்றும் மிஞ்சவில்லை.

கடல் முழுவதும் அவளுக்கு முன்னால் கிடந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பறித்து உயர்த்தியது. வடக்கே பார்த்தாள். கடலுக்கு அப்பால் எங்கேயோ கேதாரநாதர் இருந்தார். கையிரண்டையும் தலைக்கு மேல் குவித்து, நீர்வேலிக்கே கேட்கும்படி, "அரோகரா!" என்று கத்தினாள். கீழே நின்ற ஏரம்புவும் கனகரத்தினமும் தங்களை அறியாமல் "அரோகரா!" என்றார்கள். பிறகு அவள் ஏறிய தடம் பார்த்து அவர்களும் தவழ்ந்து வந்து சேர்ந்தார்கள்.

தலைவர் வேறு தடம் பிடித்திருந்தார். தொடையளவு மணலில் நடுவழியில் நின்றார். அப்போது மறுபக்கத்தால் ஒரு மீனவர், சூசைதாசன் என்பவர், பீடி குடித்தபடி ஏறி வந்தார்.

"ஆரது உதிலை புதைஞ்சு கிடக்கிறது?"

"எங்கடை வழிகாட்டி," என்றான் ஏரம்பு.

"இஞ்சாலைப் பக்கம் நல்ல பாதை கிடக்கே. கடல் பாக்க நாளுக்கு நாலுதரம் வாறனாங்கள்." சூசைதாசன் மகாதேவியின் காலடித் தடத்தை எட்டிப் பார்த்தார். "உந்த முகத்தாலை ஆரும் ஏறி நான் கண்டதில்லை. ஆர் ஏறினது?"

ஏரம்பு ஆளைக் காட்டினான். சூசைதாசன் வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்துக்கொண்டார். அது மரியாதை.

தலைவர் கயிற்றை மூன்று தரம் எறிந்தபின் அது மேலே வந்தது. மகாதேவியும் சூசைதாசனும் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பாகம் வந்தவர் அப்படியே குப்புறக் கிடந்தார்.

"ஏலாது, பிள்ளை," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எனக்கு ஏலாது."

மேலே நின்ற கனகரத்தினம் கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் நனைத்து, மகாதேவியைப் பார்த்தார்.

"கேதாரத்திலை ஒன்பது மைலும் எப்பிடி ஐயா ஏறினியள்?" என்று அவள் கேட்டாள். குரலில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தலைவர் மணலிலிருந்து முகத்தை உயர்த்தினார். "டோலியிலை. நாலு பேர் தூக்கினவங்கள்."

"அப்ப களைச்சது அவங்கள்," என்றான் ஏரம்பு.

மகாதேவி முதலில் சிரித்தாள். பிறகு கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "கனகரத்தினம் அண்ணை, கொப்பியை மூடுங்கோ. காத்து இரைச்சலிலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. அவரும் வரட்டும். ஐயா, முதல் அந்தத் தொப்பியைக் கழட்டுங்கோ! சப்பாத்தையும்! ம்... இனிக் காலை ஊண்டுங்கோ!"

தொப்பியும் சப்பாத்தும் உருண்டு கீழே போயின. வெறுங்காலோடு, மொட்டைத் தலையோடு, நீர்வேலி கேதார யாத்திரைச் சபைத் தலைவர் அடியடியாக மேலே வந்தார்.

அன்றைய அறிக்கையைக் கனகரத்தினம் உச்சியிலேயே எழுதி வாசித்தார்: "பிற்பகல் இரண்டு பத்துக்கு மகாதேவி கதிரவேலு சிகரத்தை அடைந்தார். இரண்டு ஐம்பதுக்குத் தலைவர் அவர்கள் இழுத்து எடுக்கப்பட்டார். வைகாசி யாத்திரைக்கு நால்வரும் தகுதி. வழிகாட்டி..." அந்த இடத்தில் நிறுத்தித் தலைவரைப் பார்த்தார்.

பரமலிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளின்ரை பேரை எழுதும்," என்றார். பிறகு, "ஆனால் பஞ்சாங்கம் என்னட்டைத்தான் இருக்கும்."

"இருக்கட்டும், ஐயா," என்றாள் மகாதேவி. "தயிர் முட்டியை நான் கொண்டுவாறன்."