கேட்டதைக் கொடுக்காத முனியப்பன்

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்த் தூக்கோடு வந்த ராமாமணி, புதுக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பலகையைப் படித்தாள். மதுக்கரைக்குத் தெற்கே கரட்டுக் குன்றின் அடியில் உட்கார்ந்திருந்த அவளுடைய முனியப்பன் புத்தராகிவிட்டார். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் வணிகர்கள் கட்டிய பௌத்தப் பள்ளியாம். இருந்துவிட்டுப் போகட்டும். கடைசி வரிதான் உறுத்தியது. ‘பிற்காலத்தில் வழிபாடின்றிக் கைவிடப்பட்டது.’

ஊர் கைவிட்டது மெய்தான். கேட்டது எதையும் கொடுக்காத சாமிக்கு எவன் கிடா வெட்டுவான்? ராமாமணிக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கட்டியவன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்த பிறகு, பேசத்தான் ஆள் வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருசம் வெள்ளி தவறாமல் நல்லெண்ணெய் ஊற்றி, மாடு சினைப்பிடிக்காதது முதல் முழங்கால் வலி வரை சொல்லிவிட்டுப் போவாள். அவர் பதில் சொன்னதில்லை. எழுந்து போனதுமில்லை.

வேலிக்குள் தொல்லியல் துறைக்காரர் கிருபாசங்கர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க சார், ஆருமே கும்புடலைன்னு எழுதியிருக்குதுங்களே. நா வந்துட்டுத்தானுங்களே இருந்தேன்?”

“அது வரலாறுங்க அம்மணி. ஒருத்தரு வந்து போனதையெல்லாம் எழுத முடியாதுங்க.”

“நா ஊத்துன எண்ணெய்ங்க?”

“அதைக் கழுவறதுக்கே நாலு நாளாச்சுங்க. கல்லு கெட்டுப்போயிரும். இனி ஊத்தாதீங்க.” தன்மையாகத்தான் சொன்னார். பிறகு நினைவு வந்தவராகச் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கம்பிக்கு இடையில் நீட்டினார். “இது உங்களுதுங்களா?”

வெள்ளிக் கண்மலர். முதல் வருசமே அவள் வாங்கிச் சாமியின் கண்களில் ஒட்டியது.

ராமாமணி சிலையை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வாரமாக மூடியிருந்த தார்ப்பாயை இன்றைக்குத்தான் எடுத்திருந்தார்கள். கழுவிய முகத்தில் கண்ணிமைகள் தாழ்ந்து கிடந்தன. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பி இத்தனை காலம் பேசியிருக்கிறாள். அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. கட்டியவன் போன அன்றைக்குக்கூட நெஞ்சு இப்படி வெறிச்சோடிப் போகவில்லை.

கிருபாசங்கர் ஜீப்பில் ஏறிப் போனார். வெயில் ஏறியது. வீட்டுக்குப் போனால் அங்கே யார் இருக்கிறார்கள்?

வேலியின் மூலையில் நட்டிருந்த கல்லுக்காலை அவள் முந்தானையால் துடைத்தாள். கண்மலரின் பின்பக்கம் பழைய மெழுகு கைச்சூட்டில் இளகியிருந்தது. இரண்டு கண்களையும் அந்தக் கல்லில் தன் முகத்துக்கு நேராக அழுத்தி ஒட்டினாள். தூக்கைத் திறந்து கல்லின் உச்சியில் எண்ணெயை ஊற்றினாள்.

“வலது முழங்காலு இன்னும் வலிக்குதுங்க” என்றாள்.