யார் சத்தத்துக்கு வேலை பார்ப்பது

1

இது ஒரு வீட்டுப்பாடம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போகும் மாலை வகுப்பில் ஆசிரியை, "வழியில் நேர்ந்த ஒரு தடங்கலை எழுதுங்கள், நடந்ததை நடந்தபடி" என்றார். தினமும் டைரி எழுதுகிறவளுக்கு இது ஒரு வேலையா என்று தைரியமாக அந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன். "அக்கா வண்டி ரிப்பேர்" என்று மட்டும் எழுதியிருந்தது. மற்ற நாள்களில் காபி ஆறிப்போனதைக்கூட அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: வெயில் ஏறிக்கொண்டிருந்த வேளையில், சாலையோரம் ஒரு கார் பெருமூச்சுடன்

(வேண்டாம். கார் பெருமூச்சு விடாது.)

இரண்டாவது: அக்கா காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்த கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

அத்தான் கெட்டவர் இல்லை. (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். மறுபடி அடிக்கவும் கூடும்.) குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். அக்காவிடம் யார் எதைக் கேட்டாலும் அவரே பதில் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். ஒருமுறை பல் டாக்டர் அக்காவிடம், "எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்டபோதும் அவர்தான் சொன்னார். பிடுங்கியது பக்கத்துப் பல்லை.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிப்பாள். பிறகு ஒரு நாள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெரியப்பா நடுவில் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு அக்கா அங்கே இருக்க வேண்டும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் காத்திருப்பார்கள். அன்றைக்கு வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா "சரி" என்றாள். துணைக்கு நான்.

3

பாதி வழியில் ஒரு சத்தம். அக்கா ஓரங்கட்டினாள். எதிரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது.*

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூக்கு நுனியில் கிரீஸ். பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் அமைதியாக ஓடியது.

"என்னைப் பாத்தா எல்லா வண்டியும் நல்ல பிள்ளையாயிடும்," என்றார். "எந்த மாதிரி சத்தம்? வாயால போட்டுக் காட்டுங்க."

"வாயாலயா?"

"பின்ன? நான் அப்படித்தான் வேலை பாக்கறது. கூச்சப்படாதீங்க. போன வாரம் ஒரு போலீஸ்காரரே கோழி மாதிரி கத்திட்டுப் போனாரு."

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "கீஈஈச்!" என்றேன்.

"பெல்ட்டு லூசா இருக்கும். இறுக்கிடலாம். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இல்ல," என்றாள் அக்கா. "கீச்சுனு இல்ல. கர்ர்ர்... கர்ர்ர்... கடக்."

"அக்கா, கீச்சுனுதான்..."

"பேனா, நீ சும்மா இருடி. அவர் ஓட்டுனவங்களைக் கேக்கறார்." (மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு நான் பேனா.)

மெக்கானிக் தலையைச் சாய்த்தார். "கடக் நடுவுலயா, கடைசியிலயாம்மா?"

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். "கடைசியில. அப்புறம் கொஞ்சம் அமைதி. மறுபடி கர்ர்ர்."

"அப்போ பேரிங்கு. மாத்தணும். டவுன்லேர்ந்து வரவழைச்சு, நாளைக்குத்தான் முடியும்." எஞ்சினை நிறுத்தச் சொல்லி, உள்ளே கைவிட்டு எதையோ ஆட்டிப் பார்த்தார். "லேசா ஆடுது. ஆனா லேசா ஆடாத வண்டி எங்க இருக்கு?" எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தீங்க?"

அக்காவின் போன் அடித்தது. அத்தான். அவள் எடுக்கவில்லை. அது ஓய்ந்ததும் என் போன் அடித்தது.

"யார் சத்தத்துக்கு வேலை பாக்கட்டும்?" என்றார் மெக்கானிக்.

* இது கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. முதலில் கேட்டது சத்தமா, முதலில் தெரிந்தது ஒர்க்‌ஷாப்பா? எவ்வளவு யோசித்தாலும் வரிசை பிடிபடவில்லை.

4

மெக்கானிக் எல்லாவற்றையும் புரிந்துகொண்டவர் போல

(இல்லை. அவர் அப்படிப் பார்க்கவில்லை. எந்த ஸ்பானரை எடுப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.)

இதை எழுதுவதற்காகக் கீச்சையும் கர்ரையும் வாயால் போட்டுப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பல்லு வலியா?" என்றாள். போடப் போட இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. நான் கீச் என்றது நிஜமாகவே அப்படிக் கேட்டதாலா, அல்லது அங்கே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததாலா? அக்கா சொன்னது பொய் என்றால் 'கடக்' கடைசியில் வந்தது என்று அவ்வளவு விவரமாகச் சொல்வாளா?

(சொல்வாள். கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறோம்.)

5

முடிவு, ஒன்று: பெல்ட்டை இறுக்கிக் கிளம்புகிறோம். சாப்பாட்டு மேசையில் பெரியப்பா அக்காவைக் கேட்கிறார், "வழியில என்னம்மா ஆச்சு?" அத்தான் சொல்கிறார், "பெல்ட்டு லூசு."

முடிவு, இரண்டு: வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கிறது. மறுநாள் மெக்கானிக் பழைய பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டுகிறார். அது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. அல்லது கர்ர்ர் என்கிறது. இந்த இடத்தில் அக்காவின் முகத்தை எழுத முயன்று மூன்று தாளைக் கிழித்தேன்.

நடந்தது எது என்று கேட்பீர்கள். ஆசிரியையும் கேட்பார். எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் எழுதத் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. இதையும் நானே சொல்லிவிட்டால் அக்காவைக் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொன்ன கதையாகிவிடும். ஆகவே எனக்கு மதிப்பெண் குறைந்தாலும் சரி, அவர்களை அங்கேயே விட்டுவிடுகிறேன். பானெட் திறந்திருக்கிறது. என் கையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக் இப்போது என்னைப் பார்க்கவில்லை, அக்காவை மட்டும் பார்க்கிறார்.

"சொல்லுங்கம்மா. இன்னொரு தடவை."

அக்கா வாயைத் திறக்கிறாள். இந்த முறை நான்