பக்கத்துக்கு மூன்று

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம். ரத்தக்குழாய் அமைப்பு ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவார்களாம். உண்மைக் காரணம் அந்த அறையைத் தாண்டாதாம். கொடுக்க வருகிற எல்லோரிடமும் கேட்பதுதானாம். எனக்கு மனசு இருக்கிறது என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன்.

இன்று அதே டாக்டரம்மா அண்ணன், அண்ணி, நான் மூவரையும் உட்காரவைத்து கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பொதுவாகப் பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்குமாம். எனக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று. அதில் சிலது நூல் மாதிரி மெல்லிசு. நோயில்லை, பிறவி அமைப்பு. தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடலாம். எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தத்தான் துணியமாட்டார்கள். ஒன்று அடைத்துக்கொண்டாலும் அந்தப் பகுதி செத்துப்போகும்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிறவள். வீட்டுக்கு ஒரு இணைப்புதான். திருட்டுத்தனமாக இழுத்தால் வெட்டிவிடுவோம். திரையைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

அண்ணன்தான் சிரித்தான். "சின்ன வயசுலேருந்தே உனக்கு எல்லாம் கூடத்தான் வேணும்," என்றான். பிறகு டயாலிசிஸுக்கு எழுந்து போனான். அதையும் அவன் உடம்பு முன்போலத் தாங்குவதில்லை. இதயம் களைத்துவிட்டது, அதிக நாள் காத்திருக்க முடியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் அண்ணியைத்தான் சோதித்திருந்தார்கள். அவருக்கும் ரத்தக்குழாய் ஒத்துவரவில்லை.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். அண்ணி மெஷினில் இரண்டு டீ பிடித்து வந்தார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். அப்படிப்பட்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கும். தப்பே இல்ல," என்றார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எதை அண்ணி?"

"என்னையும் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. படமெல்லாம் எடுத்து முடிச்சப்புறம் பயந்துட்டேன். ரத்தக்குழாய் ஒத்துவரலன்னு நானும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததற்குத் துணை கிடைத்துவிட்டதே. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்னுடையது நிஜம் என்று கத்தியிருக்க வேண்டும். ஸ்கேன் உறை என் மடியில்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

"அப்போ உங்களுக்குப் பக்கத்துக்கு ஒண்ணுதானா, அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுதான்," என்றார்.