செத்த வண்டியில் ஒரு மத்தியானம்

...வேறு எவனாவது சுட்டிருக்கக் கூடாதா, இந்தக் காடு முழுக்க எத்தனை பேர் தோளில் ஏவுகணைக் குழாயைச் சுமந்துகொண்டு புதருக்குள் குந்தியிருக்கிறார்கள், அத்தனை பேருக்குமா கண் அவிந்துபோயிற்று, பெண்டாட்டியின் சொந்தத் தம்பியேதான் வந்து சுட வேண்டுமா... டாங்கியின் முன்தகட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்கு இந்த ஒன்றுதான் ஆறவே இல்லை. தலைக்கு மேலே செம்மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. பயிற்சிப் போரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வண்டி செத்துவிட்டது, அதோடு மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குண்டு இல்லை, நெருப்பு இல்லை, எங்கிருந்தோ ஒரு லேசர் ஒளி வந்து பட்டது, வண்டியில் மாட்டியிருந்த பெட்டி கீச்சென்று கத்தி எஞ்சினை அணைத்தது, அவ்வளவுதான் மரணம். கையில் வெள்ளைப் பட்டை கட்டிய நடுவர் ஜீப்பில் வந்தார், துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, ஏவுகணை, மேலேயிருந்து அடி, நேராக உச்சந்தலையில் என்றார், போகிற போக்கில் சுட்டவன் யார் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார், அதைச் சொல்லாமல் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும் மனுஷனுக்கு? பயிற்சி முடிகிறவரை செத்தவர்கள் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது சட்டம். சாயங்காலம்வரை பிணமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, தப்பு யாருடையது? வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மூன்று பேருக்கும் தெரியும். வண்டியின் பின்னால் எஞ்சினுக்கு மேலே ஒரு தகடு உண்டு, சூட்டில் கைவைக்க முடியாது, அதன்மேல் சாப்பாட்டு டின்களை வரிசையாக அடுக்கினால் கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும், எந்த டாங்கிக்காரனைக் கேட்டாலும் வீட்டு அடுப்பைவிட அதுதான் ருசி என்பான். மரத்தடியில் நிறுத்தி, வலையைப் போர்த்தி, கிளையை ஒடித்துச் செருகி, ஒரு காக்காய்க்குக்கூடத் தெரியாமல் ஒளிந்தாகிவிட்டது. எஞ்சினை அணைடா என்று கமாண்டர் சொன்னார், அவருக்கு மீசை என்று பெயர், மீசைதான் முதலில் வரும், பின்னால்தான் அவர் வருவார். அஞ்சு நிமிஷம் சார், டின்னுக்குள்ளே இன்னும் ஜில்லுன்னு இருக்கு என்று ஓட்டுநர் சொன்னான். அந்த அஞ்சு நிமிஷத்தில் மீசையே இரண்டு தடவை, சூடாயிடுச்சா என்று கேட்டார், அதையும் சொல்ல வேண்டுமல்லவா. ஏவுகணைக்காரன் கண்ணாடிக்கு வலையும் தெரியாது, கிளையும் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும், குளிர்ந்த காட்டுக்கு நடுவே கொதிக்கிற பின்புறம் வெள்ளைவெளேரென்று தெரிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே மூன்று நுணல். பீரங்கி சுடுகிறவன், தூங்குமூஞ்சி என்று பட்டம் வாங்கியவன், கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, செத்தாலும் வயிறு நிறைஞ்சு செத்தோம் என்று வண்டி நிழலில் துண்டை விரித்தான், படுத்த மாத்திரத்தில் குறட்டை. மீசை கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மீசையைக் கத்தரிக்க உட்கார்ந்தார், உயிரோடு இருக்கும்போது அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லையே... இவன் கொடுத்திருக்கிறான். புத்தி எங்கே மேயப்போயிருந்ததோ அன்றைக்கு. எல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. மச்சினன் லீவில் வந்தால் இவர்கள் வீட்டில்தான் டேரா, வந்தால் சண்டையும் இதேதான், டாங்கியா குழாயா. தண்ணீர் டம்ளர் டாங்கி, ஸ்பூன் ஏவுகணை. உங்க வீட்டுக்கு வாசல்ல இரும்புக் கதவு, மேலே பார்த்தா ஓட்டைக் கூரை, திருடன் எந்த வழியா மாமா வருவான் என்று அவன் ஸ்பூனை உயரத் தூக்கி டம்ளருக்குள் போடுவான். கூரைக்கும் வழி பண்ணியாச்சு என்று இவன் சொல்வான், வருகிற ஏவுகணையை வழியிலேயே போய் அடிக்கிற கருவி வந்துவிட்டது, அதற்கு மேலே கம்பிக் கூண்டும் போட்டாயிற்று. கோழிக்கூண்டா என்பான் அவன். உங்க ஸ்பூன்காரன் ஒரு தடவை சுட்டா எங்கேயிருந்து சுட்டான்னு தெரிஞ்சிடும், அப்புறம் ஓட இடம் இருக்காது என்பான் இவன். கடைசியில் பெண்டாட்டி வந்து டம்ளரையும் ஸ்பூனையும் சேர்த்து வாரிக்கொண்டு போவாள், போரை நிறுத்துகிற வல்லமை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான். அன்றைக்கு மட்டும் அவள் வாரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள், பயிற்சிப் பள்ளியில ஓட்டக் கத்துக்கொடுக்கிற வேலை காலியா இருக்கே, போறீங்களா மாட்டீங்களா என்று. தம்பி எதிரில் விட்டுக்கொடுக்க முடியுமா ஒரு ஆண்பிள்ளையால், இந்தப் பயிற்சியில் என் வண்டி செத்தால் போகிறேன், சாகாவிட்டால் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று மேஜையில் தட்டினான். தட்டிய வேகத்தில் டம்ளர் கவிழ்ந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை, சரி என்றாள்.

அந்தச் சரிதான் இப்போது உறுத்துகிறது... அவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவளா அவள்? ஒரு திரைச்சீலை நிறத்துக்கு ஒரு வாரம் வாதாடியவள். புறப்படும் அன்று முகத்தில் அப்படி ஒரு அமைதி, காலுறையைக்கூடச் சுருட்டி வைத்துக் கொடுத்தாள். அதற்கு முந்தின நாள் சமையலறையில் கதவை ஒருக்களித்துவிட்டு போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள், சரிடா, மறந்துடாதே என்று முடித்தாள். அவள் டா போடுகிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அட, அட, அக்காளும் தம்பியும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே போர்த்திட்டம் போட்டிருக்கிறார்கள், எந்த வண்டி, எந்தப் பக்கம், ஏன், சூட்டுத் தகட்டில் டின் வைக்கிற பழக்கம்வரை அவள்தான் உளவு சொல்லியிருப்பாள், சாப்பாட்டு மேஜையில் பெருமையாக உளறியது இவனேதானே. இவ்வளவு பெரிய சதி நடந்திருக்கிறது, கோபம் வர வேண்டும், ஆனால் பாருங்கள், சிரிப்புதான் வந்தது. கில்லாடி என்று முணுமுணுத்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, தகடு இதமாகச் சுட்டது, இத்தனை வருஷத்தில் இந்த வண்டியின்மேல் இப்படி ஆற அமர உட்கார்ந்ததே இல்லை, உள்ளே மல்லாந்து படுத்தபடி ஓட்டி ஓட்டி முதுகு வில்லாகிவிட்டது... இரவில் அவள் தூங்கியபிறகு போர்வைக்குள் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வீடியோக்களைப் பார்ப்பான், ஒரு சின்னப் பறக்கும் யந்திரம் வந்து டாங்கியின் திறந்த மூடிக்குமேல் நிற்கும், நிற்கும், குண்டு ஒன்றைக் கீழே விடும். யாரும் அவனைப் பார்க்கச் சொல்லவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அதை விடு. பள்ளிக்கூடத்தில் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமாம், புதுப் பையன்கள் கியர் போடத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம், அவளிடம் கொஞ்ச நாள் தோற்றவன்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். உன் சூழ்ச்சியால்தான் வந்தேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டலாம். சண்டைக்கு விஷயம் கிடைத்தது, வீட்டில் அது பெரிய சொத்து. பக்கத்து மேட்டில் போன வண்டியிலிருந்து ஒருவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து அஞ்சலி செலுத்தினான், இவனும் பெருந்தன்மையாகக் கையை ஆட்டினான்.

அப்புறம் புதர்ப் பக்கமிருந்து மச்சினனே நடந்து வந்தான், தோளில் குழாய் இல்லை, கழுத்தில் செத்தவர்களுக்கு மாட்டுகிற செம்மஞ்சள் பட்டை. இவன் வண்டியைச் சுட்ட கையோடு வேறொரு டாங்கி அவனைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டதாம். நகரக் கூடாது என்ற நடுவரிடம், செத்தவன் சொந்தக்காரங்களோட இருக்கட்டுமே சார் என்று கெஞ்சி, சிரிக்க வைத்து, அனுமதி வாங்கி வந்திருக்கிறான். மீசை அவனைப் பார்த்து, கொலைகாரா வா என்று மிச்சமிருந்த டின்னை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கி முன்தகட்டில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டுநர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டான், உள்ளே ஒரே குஷி.

"உண்மையைச் சொல்லு மச்சான். உங்க அக்கா போன் பண்ணாளா இல்லையா?"

அவன் டின்னைக் கீழே வைத்தான். "பண்ணுச்சு மாமா."

"அதானே பார்த்தேன்."

"சுடச் சொல்லல மாமா. சுடாதேன்னு சொல்லுச்சு." மச்சினன் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அவர் வண்டி கண்ணுல பட்டா விட்டுடுடா, அந்த வேலைக்கு வந்தா அவரா மனசோட வரட்டும், தோத்துப்போய் வர வேணாம்னு சொல்லுச்சு. மறந்துடாதேன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு."

கண்ணாடியில் சூட்டுத் தகடும் டின் வரிசையும் தெரிந்தபோதே மாமா வண்டிதான் என்று தெரிந்துவிட்டதாம். மூன்று வெள்ளை உருவம் பின்னால் உட்கார்ந்து கையை வாய்க்குக் கொண்டுபோவதுகூடத் தெரிந்ததாம், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று விசையிலிருந்து விரலை எடுத்தே வைத்திருந்தானாம், ஆனால் பக்கத்தில் அவனுடைய அதிகாரி இன்னொரு கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னடா யோசனை என்று கேட்டார், அதற்குமேல் என்ன செய்வது. இதெல்லாம் சொல்லி முடித்து, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காகிட்ட நான் வாயே திறக்க மாட்டேன். வண்டி தப்பிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க வண்டி உங்களுக்கு."

தங்கமான பெண்டாட்டி, தங்கமான மச்சினன். வேறு ஒருவனாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பான். இவனுக்கும் சந்தோஷம்தான் வர வேண்டும், வருகிறதா என்று பார்த்தான், வந்தது வேறு, சுள்ளென்று ஒரு கோபம், அதுவும் யார்மேல், அவள்மேல். சுடாதேன்னு சொன்னாளா, யாரைக் கேட்டுச் சொன்னாள், என்னிடம் ஒரு வார்த்தை... இது என்ன நியாயம், ஜெயிக்கட்டும் என்று நினைத்தவள்மேல் யாராவது கோபப்படுவார்களா? ஆனாலும் மத்தியானம் முழுக்கத் தோளிலிருந்து இறங்கிக் கிடந்த ஏதோ ஒன்று மறுபடி ஏறி உட்கார்ந்தது. இனி யாரும் இவனைப் பயிற்சிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகப்போவதில்லை. வாயைத் திறந்து, எனக்குப் போகணும் என்று அவனேதான் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, மேஜையைத் தட்டியவன் எந்த முகத்தோடு சொல்வது... தூரத்தில் பயிற்சி முடிந்ததற்கான ஊதல் நீளமாகக் கேட்டது. தூங்குமூஞ்சி எழுந்து துண்டை உதறினான், மீசை மேலே ஏறிக்கொண்டே, வண்டியை எடுப்பா, உயிர் வந்தாச்சு என்றார்.

"நான் என்ன சொல்லட்டும் மாமா, அக்கா கேட்டா?"

"நானே பேசிக்கிறேன்" என்றான். மூடிக்குள் காலை விட்டு, இருக்கையில் முதுகைச் சாய்த்து, சாவிக்குக் கையைக் கொண்டுபோனவன் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தான். அவள் சதி செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது.